பிரியாணி நேரத்துத் தேர்தல்

முதலில் வாசனைதான் மேலே வந்தது.

எங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே பொருளாளர் கணக்கை வாசித்து எல்லோரையும் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். அப்போது நெய்யும் புதினாவும் கலந்த வாசனை படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.

முன்வரிசை ஆண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் இருந்த பெண்கள் நாங்கள் அசையவில்லை. கைப்பையை எடுக்கவில்லை, முந்தானையை இடுப்பில் செருகவில்லை. தலைவர் மாணிக்கம் அதை உடனே கவனித்துவிட்டார்.

"சாப்பாடு வந்துடுச்சு போல," என்றார் மைக்கில். "நம்ம மகளிர் அணி கொஞ்சம் கீழே..."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"பிரியாணி ஆறிடும் லா," என்றார் மாணிக்கம், எங்கள் ஊர்ப் பேச்சின் அந்த வாலோடு.

"ஆறட்டும் சார்," என்றாள் ரேவதி.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூர்ஜஹான் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

எழுந்து போகும் வழக்கம்

போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "ஏம்மா உங்களுக்கு இவ்வளவு கோபம்?" என்று கேட்டிருந்தார். ஐயா, இந்த வாரம் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

எங்கள் சங்கத்தில் பெண்களுக்கு ஓட்டு உண்டு. ஆரம்பத்திலிருந்தே உண்டு. விதிகளில் அச்சடித்தே இருக்கிறது. ஆனால் நான் உறுப்பினராகச் சேர்ந்த நாளிலிருந்து, நிர்வாகக் குழுத் தேர்தலில் ஒரு பெண் கை தூக்கி நான் பார்த்ததில்லை. யாரும் தடுத்தது கிடையாது. தேர்தல் நடக்கும்போது நாங்கள் அந்த அறையில் இருக்கமாட்டோம், அவ்வளவுதான்.

கூட்டத்தில் தேர்தல்தான் எப்போதும் கடைசி. தேர்தல் முடிந்ததும் சாப்பாடு. ஆகவே தேர்தலுக்குச் சற்று முன்பே பிரியாணி வந்து இறங்கிவிடும். "மகளிர் அணி கொஞ்சம் கவனிங்க" என்று ஒரு குரல் வரும். நாங்கள் எழுந்து படியிறங்குவோம். கீழே பின்புறக் கூடத்தில் மேசை விரிப்போம், தட்டு அடுக்குவோம், தயிர்ப் பச்சடியைக் கிண்டி வைப்போம். மேலே கைத்தட்டல் கேட்கும். யார் வந்தார்கள் என்று பிறகு யாராவது சொல்வார்கள். வந்தவருக்கும் சேர்த்துப் பரிமாறுவோம்.

திட்டம் போட்டுத்தான் செய்தார்களா என்று என்னைக் கேட்டால், முதலில் இல்லை என்பேன். பிறகு வசதியாகிப் போய்விட்டது. வசதியாகிப் போனதை யார் மாற்றுவார்கள்?

என் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். தொழிற்சங்கக்காரர். வீட்டுக் கூடத்தில்தான் கூட்டம் போடுவார்கள். உரிமை, நீதி, சமத்துவம் எல்லாம் எங்கள் கூடத்தில் முழங்கும். "ஓட்டுக்கு விடலாமா?" என்று யாராவது கேட்கும் நேரத்தில் அம்மா அடுப்படியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருப்பார். அம்மாவும் காலை ஷிப்டில் துப்புரவு வேலைக்குப் போனவர்தான். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த ஆத்திரம் எனக்குச் சின்ன வயதிலேயே உள்ளே இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

மேடையில் நின்ற பிள்ளை

இனி, அந்த ஆண்டு மட்டும் நாங்கள் ஏன் எழுந்திருக்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

அதற்குச் சில பொங்கல்களுக்கு முன்னால் ஒரு விழா. பிள்ளைகளுக்கான பேச்சு நிகழ்ச்சி. நூர்ஜஹானின் மகள் அஸ்மா மேடையேறினாள். தொடக்கநிலை மூன்றோ நான்கோ படித்துக்கொண்டிருந்தாள். நூர்ஜஹான் லிட்டில் இந்தியாவில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருப்பவள். அவள் வீட்டார் மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்கள்.

அஸ்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள். "எங்க வீட்டுல பொங்கல் வைக்க மாட்டோம். ஆனா நெக்ஸ்ட் டோர் ஆன்ட்டி எங்களுக்குக் குடுப்பாங்க. அது ரொம்ப டேஸ்டியா இருக்கும் லா. நானும் தம்பியும் உடனே பினிஷ் பண்ணிடுவோம்."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. பிள்ளை மலர்ந்துபோனாள்.

நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தவர் பாலகுமார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, இங்கேயே குடியுரிமை வாங்கியவர். நன்றாகப் பேசுவார், அது அவருக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரியும். அவர் மைக்கை எடுத்தார். "பாப்பா, இதுக்குப் பேரு தமிழா? அந்த 'லா'வை வீட்டுலயே வெச்சுட்டு வந்திருக்கலாமே! எங்க ஊர்ல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூட இதைவிட நல்லாப் பேசும்."

ஒரு பகுதி சிரித்தது. மறுபகுதியிலிருந்து மாணிக்கம் எழுந்தார். "அப்ப அந்த ஊருக்கே திரும்பிப் போ! ஒன்னையெல்லாம் யாரு இங்க கூப்பிட்டா?"

அடேங்கப்பா, பிறகு என்ன! நாற்காலிகள் சரிந்தன. ஒருவர் சட்டையை இன்னொருவர் பிடித்தார். இங்கேயே பிறந்தவர்கள் ஒரு பக்கம், பிறகு வந்தவர்கள் ஒரு பக்கம். மொழியின் மானம், மண்ணின் மானம், என்னென்னவோ மானம்.

அத்தனை நேரமும் அந்தப் பிள்ளை மேடையிலேயே நின்றாள். அவளுக்காகத்தான் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது என்று பின்னாளில் சொன்னார்கள். அவளை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடையேறி, அவள் கையிலிருந்து மைக்கை மெல்ல விடுவித்து, தோளோடு அணைத்து இறக்கிக் கூட்டி வந்தவள் ரேவதி. சேலத்துக்காரி, கணினி நிறுவனத்தில் வேலை. ஊர்க் கணக்குப்படி அவள் பாலகுமார் பக்கம்.

அன்றோடு அஸ்மா தமிழை நிறுத்திவிட்டாள். வீட்டில் அம்மாவிடம்கூட ஆங்கிலம்தான். நூர்ஜஹான் தமிழில் கேட்பாள், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். "எம்புள்ள எனக்கே வெளியாளு மாதிரி பேசுறாக்கா," என்று நூர்ஜஹான் ஒருநாள் என்னிடம் சொன்னாள். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டேதான் சொன்னாள்.

ஜாக்கெட் கடைச் சமாதானம்

சங்கம் இரண்டானது. அடுத்த ஆண்டு இரண்டு பொங்கல், இரண்டு பட்டிமன்றம். உட்லண்ட்ஸில் என் அடுக்குமாடி புளோக்கில், ஒரே மின்தூக்கியில் ஏறும் இரண்டு குடும்பங்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒன்றாகத் துணைப்பாடம் படித்த பிள்ளைகளை வேறு வேறு வகுப்புக்கு மாற்றினார்கள். நிச்சயமான ஒரு கல்யாணம்கூட இழுபறியில் நின்றது.

இதை முடித்துவைத்தது யார் தெரியுமா? நூர்ஜஹான்தான். காயப்பட்ட பிள்ளையைப் பெற்றவள்.

அவள் செய்தது ஒரே ஒரு காரியம். தீபாவளி நெருங்கினால் இரு தரப்புப் பெண்களும் அவள் கடைக்கு வந்துதான் ஆகவேண்டும். அவள் கைக்கு நிகராக வெட்டுபவர்கள் அந்தத் தெருவில் இல்லை. இரண்டு பக்கத்துப் பெண்களுக்கும் அளவு பார்க்க ஒரே நேரத்தைக் கொடுத்தாள். "சனிக்கிழம மூணு மணிக்கு வாங்க" என்று இவர்களிடமும் சொன்னாள், அவர்களிடமும் சொன்னாள்.

நானும் போனேன். சின்னக் கடை, ஒரே ஒரு பெஞ்சு. ரேவதி ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருந்தாள். மாணிக்கத்தின் மனைவி வந்தார். பாலகுமாரின் மனைவி வந்தார். ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஆனால் பாதி கொக்கி மாட்டிய ஜாக்கெட்டோடு திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு எவ்வளவு நேரம் முறைப்பாக இருக்க முடியும்? "இந்தக் கொக்கியைக் கொஞ்சம் போட்டு விடுங்க" என்று மாணிக்கத்தின் மனைவிதான் முதலில் கேட்டார். போட்டுவிட்டவர் பாலகுமாரின் மனைவி.

அப்படித் தொடங்கியது. அதன் பிறகு பல சனிக்கிழமைகள் தைக்க ஒன்றும் இல்லாமலேயே போனோம். நூர்ஜஹான் தேத்தண்ணி வாங்கி வைப்பாள். சண்டையும் போட்டோம், இல்லாமல் இல்லை. "எங்களை வந்தேறிங்கன்னு சொன்னது வலிக்காதா?" என்று ரேவதி ஒருநாள் வெடித்தாள். "எங்க பிள்ளைங்களைப் பாத்து இளிக்கிறீங்களே, அது?" என்று நான் திருப்பிக் கேட்டேன். நூர்ஜஹான் தையல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

கடைசியில் இரண்டே நிபந்தனைகளுக்கு வந்து நின்றோம். பாலகுமார் மேடையில் அஸ்மாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். மாணிக்கம் அதே மேடையில், வெளியூரிலிருந்து வந்த குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். அவரவர் வீட்டில் பேசிச் சம்மதிக்க வைப்பது எங்கள் பொறுப்பு. எத்தனை வீட்டில் எத்தனை நாள் சோறு தண்ணி இறங்காமல் போனது என்பதை எழுதினால் தனித் தொடர் வேண்டும். எப்படியோ, தலையாட்டினார்கள்.

பொன்னாடை

தலையாட்டியவர்கள் என்ன செய்தார்கள்? 'ஒற்றுமை விழா' என்று ஒன்றை வைத்தார்கள்.

மாணிக்கம் பாலகுமாருக்குப் பொன்னாடை போர்த்தினார். பாலகுமார் மாணிக்கத்துக்குப் போர்த்தினார். கட்டிப்பிடித்தார்கள். சங்கம் மறுபடி ஒன்றானது. "பெருந்தன்மை" என்ற சொல்லை அன்று கேட்டதுபோல் நான் வாழ்நாளில் கேட்டதில்லை. படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் ஒரு பெண்கூடக் கிடையாது. பொன்னாடைத் தாம்பாளத்தை ஏந்தி நின்ற என் விரல்கள் மட்டும் ஓரத்தில் தெரியும். அதைச் சட்டம் போட்டுச் சங்கச் சுவரில் மாட்டியும் வைத்தார்கள்.

மன்னிப்பு? ஒரு வார்த்தை இல்லை.

மேடையிலிருந்து இறங்கியதும் மாணிக்கத்தைப் பிடித்தேன். "அண்ணே, பேசினது என்னாச்சு?"

"அதான் சமாதானம் ஆயிடுச்சே, சந்திரா. பழசைக் கிளறாதம்மா. நல்ல நாளும் அதுவுமா."

யாருடைய பழசு? சண்டை போட்டதும் இவர்கள், கட்டிப்பிடித்துக்கொண்டதும் இவர்கள். நடுவில் ஊமையாகிப் போன பிள்ளை யார் கணக்கில் வருகிறாள்?

நூர்ஜஹான் கடைசி வரிசையில் இருந்தாள். அழவில்லை. "எம்புள்ள பேரை ஒருத்தரும் சொல்லலியேக்கா," என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த இரவே ரேவதியிடம் சொன்னேன், செயலாளர் பதவிக்கு நிற்கப் போகிறேன் என்று. தலைவர் பதவியை மாணிக்கமே வைத்துக்கொள்ளட்டும். விழா நிகழ்ச்சிகளை வகுப்பது செயலாளர்தான். மேடையில் மைக் செயலாளர் கையில்தான் இருக்கும்.

"நீங்கதான் மகளிர் அணித் தலைவியா இருக்கீங்களே, இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டவர்கள் பலர். என் வீட்டுக்காரர் மட்டும், "நில்லு, நில்லு, என் கை ஒனக்குத்தான்," என்றார். அதை நான் நம்பினேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

மாணிக்கம் ஆற்றிய உரை

இப்போது பொதுக்கூட்டத்துக்குத் திரும்புகிறேன். "ஆறட்டும் சார்" என்று ரேவதி சொன்ன இடம்.

மாணிக்கம் மைக்கை விடவில்லை. பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. எப்படியும் இந்தப் பெண்களுக்கு மனசு கேட்காது, கொஞ்ச நேரம் போனால் எழுந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார் போலிருக்கிறது. தேர்தலைத் தொடங்காமல் உரையாற்ற ஆரம்பித்தார். ஒற்றுமையைப் பற்றி. குடும்பத்துக்கு விளக்காக இருக்கும் பெண்களைப் பற்றி. இடையிடையே எங்களைப் பார்த்துக்கொண்டார்.

நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கும் பசித்தது, மறைப்பானேன்? ஒருத்தியின் வயிறு இரைந்தது எனக்கே கேட்டது.

கீழேயிருந்து சாப்பாடு கொண்டுவந்த ஆள் குரல் கொடுத்தான். "அண்ணே, ஆளு யாராச்சும் வாங்க! நான் அடுத்த எடத்துக்குப் போவணும்!"

முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். திரும்பி வரவில்லை. மாணிக்கம் பேசிக்கொண்டே இருந்தார். போனவர்களைப் பார்த்துவர இன்னும் சிலர் போனார்கள். கீழே தட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அவ்வளவுதான். கறித் துண்டு தீர்ந்துவிடுமோ என்ற பயம் ஒரு மனிதனை எவ்வளவு வேகமாகப் படியிறங்க வைக்கும் என்பதை நான் அன்று பார்த்தேன். ஒருவர் சர்க்கரை நோயைச் சொன்னார். ஒருவர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நழுவினார். முன்வரிசை பொக்கை வாயாகிவிட்டது. இது எதுவும் மாணிக்கத்தின் கண்ணில் படவில்லை. அவர் கண் முழுக்கப் பின்வரிசையில் இருந்தது.

தேர்தலை நடத்த வேறொரு சங்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போதும் ஐயா. தேர்தலைத் தொடங்குவோம்," என்றார்.

தலைவருக்குப் போட்டி இல்லை. செயலாளர் பதவிக்கு என் பெயரை ரேவதி முன்மொழிந்தாள். நூர்ஜஹான் வழிமொழிந்தாள். பழைய செயலாளருக்குக் கை தூக்கச் சொன்னார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்தன. எனக்குத் தூக்கச் சொன்னதும் பின்வரிசை முழுக்க எழுந்தது. வளையல் சத்தம் கேட்டது. மாணிக்கத்தின் மனைவியின் கையும் அதில் இருந்தது. அதைப் பார்த்து மாணிக்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் முன்வரிசையில் ஒரே ஒரு கையைத் தேடினேன். என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

பெரியவர் முடிவைச் சொன்னார். நான் செயலாளர்.

மாணிக்கம் துள்ளி எழுந்தார். "இது செல்லாது! பாதி ஆளுங்க கீழ சாப்பிடுறாங்க. எல்லாரையும் மேல கூப்பிட்டு மறுபடி எண்ணணும்!"

நான் எழுந்தேன்.

"இத்தனை வருஷமா நாங்க கீழ நின்னோமே அண்ணே. ஒருதடவையாவது எங்களை மேல கூப்பிட்டு மறுபடி எண்ணினீங்களா?"

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கீழே போனது அவங்க இஷ்டம். யாரும் போகச் சொல்லல. முடிவு முடிவுதான்," என்றார்.

கீழே இறங்கினோம். பிரியாணிச் சட்டி வழித்து வைத்ததுபோல் இருந்தது. ஆண்டாண்டாகக் கடைசியில் சாப்பிட்ட பெண்களுக்கு ஒரு பிடி எடுத்துவைக்க ஓர் ஆணுக்குத் தோன்றவில்லை. பச்சடி மட்டும் நிறைய மிச்சம். என் வீட்டுக்காரர் எலும்பும் கையுமாக நின்றார். "முடிஞ்சிடுச்சா? நான் இப்ப மேல வரத்தான் இருந்தேன். எல்லார் முன்னாலயும் கையைத் தூக்கணுமேன்னு..." என்று இழுத்தார். அவரோடு நான் எத்தனை நாள் பேசவில்லை என்பது எங்கள் குடும்ப விஷயம்.

நாங்கள் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்குப் போய்த் தோசை சாப்பிட்டோம்.

பேரைச் சொல்லுங்க

அடுத்த பொங்கலுக்கு நிகழ்ச்சியை நான் வகுத்தேன்; முதல் அங்கமே, பாக்கி நின்ற அந்த இரண்டு மன்னிப்புகள்தான். பரிமாறும் வேலைக்கு ஆண்களைப் போட்டேன். முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே வாளியைத் தூக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாணிக்கம் முதலில் மேடையேறினார். முகம் கடுகடுவென்று இருந்தது. "ஊருக்குப் போன்னு சொன்னது தப்பு. ரேவதி, ஒங்க எல்லார் வீட்டுக்கும்தான் சொல்றேன். மன்னிச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினார். மனுஷர் முறைப்பாகச் சொன்னாலும் நேராகச் சொன்னார்.

பிறகு பாலகுமார். அவருக்குத்தான் பேச்சு வருமே. தமிழின் பெருமையில் ஆரம்பித்து, கடல் கடந்து, சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில், "அன்றைய நிகழ்வில் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்," என்று கைகூப்பினார். சிலர் கைதட்டவே தொடங்கிவிட்டார்கள்.

இன்னொரு மைக் என் கையில் இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"யாருடைய மனசுன்னு ஒங்களுக்குத் தெரியும் சார். பேரைச் சொல்லுங்க."

கைத்தட்டல் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், மாணிக்கத்தைப் பார்த்தார், தன் மனைவியைப் பார்த்தார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. மூன்றாவது வரிசையில் நூர்ஜஹானின் பக்கத்தில் அஸ்மா தலைகுனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஸ்மா," என்றார் பாலகுமார். பிறகு அந்தப் பேச்சுக் குரல் போய்விட்டது. "அஸ்மா, நான் பேசினது தப்பும்மா. உன் தமிழ்ல ஒரு குறையும் இல்ல. என்னை மன்னிச்சிடு."

அஸ்மா நிமிரவில்லை. நூர்ஜஹான் மட்டும் அன்றைக்கு அழுதாள். ஒரு பிள்ளையின் பெயரை ஒருமுறை சொல்ல வைக்க நாங்கள் ஒரு சங்கத்தையே புரட்ட வேண்டியிருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.

சாப்பாட்டு வரிசை நகர்ந்தது. சர்க்கரைப் பொங்கல் அண்டாவுக்குப் பின்னால், நான் போட்ட பட்டியல்படி, பாலகுமார் கரண்டியோடு நின்றார். அஸ்மாவின் முறை வந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு கரண்டி வைத்தார். அவள் கிண்ணத்தைப் பின்னுக்கு இழுக்கவில்லை. கிண்ணத்துக்குள் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"அங்கிள், இவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் போடுங்க லா."

பாலகுமார் குனிந்து, முந்திரி கிடக்கும் இடமாகப் பார்த்து அள்ளிப் போட்டார்.